ஷார்ஜாவுக்கு வராமல் போன ஜமாலுக்கு

அன்பு ஜமால் மச்சான்,

நேற்றும் விமான நிலையத்துக்குப் போனேன். குவைத்திலிருந்து வந்தவர்கள் எல்லோரும் வெளியேறும்வரை நின்றேன். உன்னைப் போலவே தோளைச் சாய்த்து நடந்துவந்த ஒருவரைப் பார்த்துக் கையைக்கூட உயர்த்திவிட்டேன். இறந்தவனை வரவேற்க யாராவது போவார்களா, நீயே சொல்?

ஷார்ஜாவில் எனக்கு ஜவுளிக்கடை, குவைத்தின் ஃபர்வானியாவில் உனக்கு டைப்பிஸ்ட் வேலை. உன் கடிதங்களில் வீட்டுச் சேதியைவிட இங்கிலாந்து, அயர்லாந்து வானியலாளர்களின் கதைதான் அதிகம். அயர்லாந்து மழையில் ராட்சதத் தொலைநோக்கி கட்டிவிட்டு மேகம் விலகக் காத்திருந்த பிரபு, குவைத் வானத்தைப் பார்த்திருந்தால் அழுதிருப்பார் என்று எழுதியிருந்தாய்.

ஆனால் உன் மனதுக்கு நெருக்கமானவர்கள் வேறு இருவர். வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதைக் கணித்துப் பார்த்த ஆங்கிலேய இளைஞன். அதையே தன் வீட்டிலிருந்து பார்த்த, துணி வியாபாரியான அவன் நண்பன். கடிதங்களிலேயே வளர்ந்த நட்பு. அந்த நண்பனைப் பார்க்க வருவதாகச் சொன்ன நாளுக்கு முந்தின நாள், இருபத்திரண்டு வயதில், இளைஞன் திடீரென்று இறந்துபோனான்.

லீவு கிடைத்துவிட்டது, ஷார்ஜா வருகிறேன் என்று போன் செய்தபோது சிரித்தாய். "மச்சான், நீதான் அந்தத் துணி யாவாரி. நான் வர்றதுக்குள்ள மௌத்தாயிட்டா என்ன செய்வே?"

வாயைக் கழுவு என்றேன்.

புறப்படுவதற்கு முந்தின நாள், டூட்டியில், நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டாய். உன் ரூமில் இருந்த செல்வத்துக்கு என் நம்பர் உடனே கிடைக்கவில்லை. மறுநாள் விமான நிலையத்தில் காத்திருந்து, நீ வராததால் நான் கடைக்குத் திரும்பியபோதுதான் போன் அடித்தது.

"அண்ணே, ஜமால் பாய்... நேத்தே முடிஞ்சிருச்சு."

நேற்றே. அப்படியென்றால் நான் யாருக்காகச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போனேன்? நீ விளையாட்டாகத்தான் சொன்னாயா, உன் உடம்பு உனக்கு ஏதாவது சொல்லியிருந்ததா?

உன்னைக் குவைத்திலேயே அடக்கிவிட்டார்கள். கீழக்கரையில் உன் வீட்டுக்காரி எதையும் கேட்பதில்லை. உன் மகள் சல்மாதான் போன வாரம் போனில் கேட்டாள். "மாமா, வாப்பா சொல்ற அந்தத் துணி யாவாரி, கூட்டாளி போன பொறவு என்ன செஞ்சார்?"

எனக்குத் தெரியவில்லை. நீ சொன்னதேயில்லை. நூலகத்தில் தேடிப் படித்தேன். அவரும் சில ஆண்டுகளிலேயே இறந்திருக்கிறார். அதனால்தான் என்னிடம் மறைத்தாயா? படித்ததிலிருந்து, நடக்கும்போது பக்கத்தில் யாரோ கூடவே நடப்பது போலிருக்கிறது. திரும்பிப் பார்க்கப் பயமாக இருக்கிறது. பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

அதே புத்தகத்தில் இன்னொன்றும் இருந்தது. இளைஞன் எழுதிய கடிதங்களை அந்தத் துணி வியாபாரி பத்திரமாகக் கட்டி வைத்திருந்தாராம். அந்த இளைஞன் எப்படி யோசித்தான் என்று பின்னால் வந்தவர்கள் தெரிந்துகொள்ள அவை பெரிதும் உதவினவாம்.

சல்மாவுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. இந்த லீவில் என் வீட்டுக்குப் போகுமுன் உன் வீட்டுக்குப் போகிறேன். உன் கடிதங்கள் அத்தனையும் என்னோடு வரும். அவள் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வாசிப்பேன். என் குரல் உடைந்தால், மிச்சத்தை அவள் வாசிக்கட்டும். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் மாமி மகன்,
கபீர்