மூன்றே மாதத்தில் தேய்ந்த கிளட்ச்

பரளச்சி
ஞாயிறு காலை

அன்பு மகள் மாரீஸ்வரிக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் மஸ்கட்டில் நல்லபடியாக இருப்பீர்கள். நாங்களும் சுகம் என்று எப்போதும்போல எழுதினால் இந்தத் தடவை அது முழு உண்மையாக இருக்காது. போனில் சொன்னால் நீ அழுவாய், அம்மா போனைப் பிடுங்கிக்கொள்வாள். அதனால்தான் நாளை அங்கே திரும்பும் காரியாபட்டி அருண்பாண்டியன் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். பயப்படாமல் கடைசிவரை படி.

நம் லாரி கொஞ்ச நாளாக இழுக்கவில்லை. ஆக்சிலேட்டரை மிதித்தால் இன்ஜின் மட்டும் கத்தும், வண்டி நகராது, கருகல் வாடை வேறு. கிளட்ச் வழுக்குகிறது என்று தெரிந்துவிட்டது. ஆனால் தை மாதம்தான் பாண்டிராஜ் பட்டறையில் புது பிளேட் போட்டிருந்தோம், சித்திரைக்குள் இப்படியா என்று எனக்கு எரிச்சல். ஒருநாள் கரிமூடை ஏற்றிக்கொண்டு கண்மாய்க்கரை ஏற்றத்தில் வந்தபோது வண்டி நின்றுவிட்டது, பிரேக் போட்டும் லோடு கனத்தில் பின்னால் சரிந்தது. லோடு ஏற்ற வந்த முத்துப்பேச்சி குதித்து ஓடி டயருக்குக் கல் வைத்தாள். அவளோடு வந்த இரண்டு பெண்கள் மூடை மேலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

அந்தக் கோபத்தில் பட்டறைக்குப் போய், டீ குடித்துக்கொண்டிருந்த அத்தனை பேர் முன்னாலும் பாண்டிராஜைப் பார்த்து, போலிச் சாமானைப் போட்டு ஏமாத்திட்டியேலே என்று கத்திவிட்டேன். அவன் வண்டியில் ஏறினான். ஹேண்ட் பிரேக்கை இறுக்கி, டாப் கியர் போட்டு, கிளட்ச்சை விட்டுப் பார்த்தான். கிளட்ச் நன்றாக இருந்தால் இன்ஜின் அணைந்துவிடும், அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. பிரித்துப் பார்த்தால் பிளேட் ஆணிவரை தேய்ந்திருக்கிறது. எண்ணெய்க் கசிவு இல்ல, சாமானும் நல்ல சாமான்தான், ஓட்டுறதுலதான் என்னமோ இருக்குண்ணே என்றான். முப்பது வருசமா ஓட்டுறவனுக்கு நீ சொல்லித் தாரியா என்று அதற்கும் ஏசினேன். வேறு பிளேட்டை மாட்டிவிட்டு, நானும் கூட வாரேன் என்று ஏறிக்கொண்டான்.

இரண்டு மைல் வந்திருப்போம். அண்ணே, கிளட்ச்சுல இருந்து கால எடுங்க என்றான். எடுத்துத்தானலே வச்சிருக்கேன் என்றேன். குனிஞ்சு பாருங்க என்றான். ஓரமாக நிறுத்திப் பார்த்தேன் தாயி, என் இடது கால் பெடலை அழுத்திக்கொண்டு இருக்கிறது. எனக்குத் தெரியவே இல்லை. அப்படி அழுத்திக்கொண்டே ஓட்டினால் பிளேட் முழுசாகப் பிடிக்காமல் உரசி உரசித் தேய்ந்துதானே போகும். அவன் என் செருப்பைக் கழற்றினான். உள்ளங்காலில் கருவேல முள் ஒடிந்து சீழ் பிடித்திருந்தது. வலிக்கலையாண்ணே என்று கேட்டான். முள் எப்போது ஏறியது என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

அங்கிருந்தே அவன்தான் லாரியைத் திருப்பி அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப் போனான். சுகர் இருக்கிறதாம், அது காலில் உணர்ச்சியைத் தின்றுவிட்டதாம். புண் ஆறிவிடும், உணர்ச்சி திரும்புவது சந்தேகம், இனி ஸ்டியரிங் பிடிக்காதீர்கள் என்றார் டாக்டர். சாவியை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அவள் தினமும் திட்டிக்கொண்டே கட்டு மாற்றுகிறாள். புண் ஆறிவருகிறது. லாரியை விற்பதா, ஆள் போட்டு ஓட்டுவதா என்று நீயும் யோசித்துச் சொல். அந்த ஏற்றத்தில் மூன்று பெண்கள் உயிர் என் காலில் இருந்திருக்கிறது என்பதுதான் மனதை விட்டுப் போகவில்லை.

நேற்று பட்டறைக்கு நடந்து போனேன். அதே ஆட்கள் இருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் போனேன். சாமான் மேல தப்பில்ல, பாண்டிராஜ் மேலயும் தப்பில்ல, என் கால்லதான் தப்பு என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். பாண்டிராஜ் கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் முன்னால் குத்துக்கால் வைத்து உட்கார்ந்தான். அண்ணே, செருப்பு உள்ளங்கால் புண்ணுல அழுத்துது, இத மாட்டாதீக என்று சொல்லிக் கழற்றினான். பிறகு அவனே பைக்கில் கொண்டுவந்து வீட்டில் விட்டான்.

வேலையை விட்டுவிட்டு ஓடி வராதே. இது பரம்பரையாக வருமாம், நீயும் ஒருமுறை ரத்தம் கொடுத்துப் பார், மறந்துவிடாதே. மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும்.

உன் அப்பா,
சுந்தரபாண்டி