பஸ் போன பிறகு கூட்டம்

செவ்வாய், இரவு.

மாணவர் மன்ற அலுவலகத்தில் எனக்குப் பகுதி நேர வேலை. ஹால் பிடிப்பேன், நாற்காலி போடுவேன், மைக் பார்ப்பேன். இன்றைய கூட்டத்தை மட்டும் வேலையாக நினைக்கவில்லை.

காலேஜ் பஸ் நாலரைக்கே கிளம்பிவிடும். மன்றங்கள் கூடுவது அதற்குப் பிறகுதான். அதனால் நாடகம், விவாதம் எல்லாமே ஹாஸ்டல்காரர்களுக்குத்தான். மன்றம் முடிந்து வீடு போக இன்னொரு பஸ் வேண்டும் என்று வகுப்பு வகுப்பாகப் போய்ப் பேசியவள் என் தோழி தேவி. வேப்பம்பட்டிலிருந்து வருபவள். இதைப் பற்றிய கூட்டத்துக்கு நேற்றுதான் டீன் வரச் சம்மதித்தார். உடனே வழக்கம்போல ஐந்து மணிக்கு ஹால் பிடித்துவிட்டேன். நான் ஹாஸ்டல். பஸ் நேரம் என் புத்தியில் எப்படி வரும்?

மதியம் தேவி ஓடி வந்தாள். "இன்னாடி, அஞ்சு மணிக்கு வெச்சுகீற? பஸ்ஸ உட்டா படிப்பையே உட்டுடுன்னு சொல்லிக்கீறாரு எங்கப்பா." டீனிடம் நேரத்தை மாற்றக் கேட்டேன். முடியாது என்றார். "சரி, எங்களுக்கும் சேத்து நீயே பேசு," என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள்.

பேசினேன். டீன் காலி நாற்காலிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தேவைன்னா வந்திருப்பாங்களேம்மா."

"பஸ் போயிடுச்சு சார். அதான் வர முடியல."

"பாத்தியா, எல்லாரும் இருக்கற பஸ்லயே போயிடறாங்க. அப்புறம் எதுக்கு இன்னொண்ணு?"

சிரித்துக்கொண்டே எழுந்து போனார். போட்ட நாற்காலிகளை நானே திரும்ப அடுக்கினேன். யாரும் உட்காராத நாற்காலிக்கும் அதே கனம்தான்.

"இன்னா ஆச்சு, பஸ் உடுறாங்களா?" என்று தேவி மெசேஜில் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். போனைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.