மணி எத்தனை என்று மட்டும் எழுது

நெய்வேலி, பிளாக் 21
10.4.2024

அன்புள்ள அகிலாவுக்கு,

உன் சங்கீதா எழுதுவது. நீயும் உன் வீட்டுக்காரரும் சுகம்தானே? நெல்லிக்குப்பம் போன பிறகு இந்த குவார்ட்டர்ஸ் பக்கமே நீ எட்டிப் பார்ப்பதில்லை. போனில் பேசினால் பத்து நிமிடத்தில் குக்கர் கூவிவிடுகிறது. எழுதினால்தான் எனக்கு மனசு ஆறுகிறது.

நேற்று மத்தியானம் இங்கே ஒரே கூத்து. சமையலறையில் சிலிண்டருக்குப் பின்னால் ஆள் நீளத்துக்கு ஒரு பாம்பு! இவர் ஷிப்டுக்குப் போயிருந்தார். 101-க்கு அடித்தேன். "கதவைச் சாத்திட்டு வெளியில நில்லுங்கம்மா, அரை மணியில ஆள் வரும்" என்றார்கள். அரை மணி! அதற்குள் அது கட்டிலில் ஏறிப் படுத்துவிடாதா? என் மூளைதான் உனக்குத் தெரியுமே. பக்கத்து வீட்டுப் போனை வாங்கி, "சிலிண்டர் தீப்பிடிச்சிருச்சு, ஓடி வாங்க" என்றேன். ஆறே நிமிடத்தில் பெரிய வண்டி மணியடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றது.

தங்கமான மனிதர்கள். சிவசங்கர் என்பவர் தலைமை. கோபமே படவில்லை. "சாரைதாம்மா, ஒண்ணும் பண்ணாது. அடுத்த தடவ பாம்புன்னா பாம்புன்னே சொல்லுங்க" என்று அதைப் பிடித்துச் சாக்கில் போட்டார். தீ என்று தகவல் போய்விட்டதால் வீட்டை முழுக்கச் சோதித்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டுமாம். நான் சும்மா விடுவேனா? தெருப் பெண்களையெல்லாம் கூப்பிட்டு, சிலிண்டரில் தீப்பிடித்தால் எப்படி அணைப்பது என்று அவர்களைப் பாடம் நடத்த வைத்து, ஆளுக்கு ஒரு டம்ளர் மோரும் கொடுத்தேன். பாதி மோரில் ஏதோ போன் வந்தது, அப்படியே வைத்துவிட்டு ஓடினார்கள்.

வயிறு வலிக்கச் சிரித்துவிட்டுப் பதில் போடு.

உன்
சங்கீதா


நெல்லிக்குப்பம்
15.4.2024

சங்கீதா,

உனக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. அப்பா போய்விட்டார்.

ஒன்பதாம் தேதி செவ்வாய்க்கிழமை மத்தியானம் கம்மாபுரத்துப் பக்கம் எங்கள் ஊர் வீடு எரிந்துபோனது. கொட்டகையில் பிடித்த தீ கூரைக்குத் தாவியிருக்கிறது. மாட்டை அவிழ்க்கப் போன அப்பா பின்னறையில் மாட்டிக்கொண்டார். கொளஞ்சி அண்ணன் போனுக்கு மேல் போன் போட்டிருக்கிறார். "கிட்ட இருக்கிற வண்டி நெய்வேலியில சிலிண்டர் தீன்னு போயிருக்குங்க, தூரத்து வண்டி வந்துகினு இருக்கு" என்றார்களாம். மூன்று மணி வரைக்கும் உள்ளேயிருந்து அப்பா குரல் கேட்டதாம். அம்மா வாசலிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

கடைசியில் நெய்வேலி வண்டிதான் முதலில் வந்தது. எரிகிற கூரைக்குள் புகுந்து அப்பாவைத் தூக்கி வந்தவர் பெயர் சிவசங்கர். அவர் கை வெந்துபோனது. அப்பாவுக்கு அப்போது உயிரில்லை.

சனிக்கிழமை உன் கடிதம் வந்தது. அதிலும் சிவசங்கர் என்று இருக்கிறது. 'நேற்று' என்று இருக்கிறது. மேலே போட்டிருக்கும் தேதியை எத்தனை முறை பார்த்தேனோ தெரியாது. போன் போடாதே, எடுக்க மாட்டேன். நீ தீ என்று சொன்னபோது மணி எத்தனை என்று மட்டும் எழுது.

அகிலா


நெய்வேலி
18.4.2024

அகிலா,

முதலில் நாலரை மணி என்று ஒரு தாளில் பொய்யாக எழுதிக் கிழித்துப்போட்டேன். நான் தீ என்று சொன்னது இரண்டு முப்பத்தைந்துக்கு. அவர்கள் கிளம்பியபோது மூன்று ஐந்து.

இன்று தீயணைப்பு நிலையத்துக்குப் போனேன். சிவசங்கர் கையில் கட்டோடு உட்கார்ந்திருந்தார். "அந்தப் பாம்பு வீடு நான்தாங்க" என்றேன். எழுந்து எனக்கு நாற்காலி போட்டார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "நேரா அங்க போயிருந்தா அவரு பொழைச்சிருப்பாரா?" என்று கேட்டேன்.

"தெரியாதும்மா. யாரு தீன்னு சொன்னாலும் நம்பித்தான் நாங்க ஓடணும். நம்பாம ஒரு நாள் உக்காந்துட்டா, அன்னிக்கு நெசமா எரிஞ்சிகினு இருக்கும்" என்றார்.

எனக்குப் பிரசவமானபோது நாட்டுக்கோழி முட்டையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி வந்தவர் உன் அப்பா. அவரைக் கொன்றுவிட்டேனே அகிலா! கொளஞ்சி அண்ணன் காலில் வந்து விழட்டுமா? போலீசில் போய்ச் சொல்லட்டுமா? நீ எதைச் சொன்னாலும் செய்கிறேன்.

சங்கீதா


நெல்லிக்குப்பம்
29.4.2024

சங்கீதா,

கருமாதி முடிந்தது.

அண்ணன் முதலில் போன் போட்டது இரண்டு நாற்பதுக்கு. அவர் போனில் அது அப்படியே இருக்கிறது. அவரிடம் நான் எதையும் சொல்லவில்லை. சொன்னால் அரிவாளைத் தூக்கிக்கொண்டு உன் வீட்டுக்கு வருவார். ஒரு சாவு போதும். போலீசுக்குப் போவதும் போகாததும் உன் இஷ்டம், என்னைக் கேட்காதே.

நீ பொய் எழுதியிருந்தால் நம்பியிருப்பேன். நம்பத்தான் நினைத்தேன்.

அம்மா இப்போது என்னோடு இருக்கிறாள். "ஊரே வந்து துக்கம் கேட்டுட்டுப் போச்சு, சங்கீதா மட்டும் ஏன் இன்னும் வரல?" என்று தினமும் கேட்கிறாள். உனக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவைத்தேன். அதைக் கேட்டதிலிருந்து, "பாவம், ஒண்டியா கெடக்குதோ என்னமோ, நான் போயி ரெண்டு நாளு கூட இருந்துட்டு வரேன்" என்கிறாள். பையில் ஒரு புடவையை மடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

அவளைத் தடுத்து நிறுத்துவது என் பாடு. நீ வராதே. எழுதவும் வேண்டாம்.

அகிலா