ஏரி மேல் போட ஒரு நாற்காலி

ஜன. 4, ஞாயிறு

காலை 22 டிகிரி ஃபாரன்ஹீட், உறைகுளிர். வெயில் இருந்தும் பயனில்லை. பால்கனி அலமாரியைத் திறந்தேன், பதினோரு மாதம் கழித்து. டென்ட் பையை இழுத்ததும் பூஞ்சை வாசம். போன பிப்ரவரியில் என் வீட்டுக்காரர் சேகர், ஏரியிலிருந்து வந்து ஈரத்தோடு சுருட்டி வைத்தது. "நாளைக்குக் காய வைக்கறேன்" என்றார். மறுநாள் ஸ்ட்ரோக். இடது கை, இடது கால்.

ஊரில் மற்ற வீட்டுக்காரர்கள் டென்னிஸ் ஆடுகிறார்கள். என் வீட்டுக்காரருக்கு மட்டும் உறைந்த ஏரி மேல் டென்ட் அடித்து, ஐஸில் ஓட்டை போட்டு, அதன் எதிரே மீனுக்காக நாள் முழுக்க உட்கார வேண்டும். எங்கள் அமெரிக்க ஊரான பிளெய்ன்ஸ்பரோவில் வேறு எந்தத் தமிழ் வீட்டிலும் இந்தப் பைத்தியம் இருப்பதாகத் தெரியவில்லை.

பையில் இருந்தவை:
டென்ட், இரண்டு பேருக்கானது. ஜிப் பாதியில் சிக்குகிறது.
தூண்டில் இரண்டு. மீன் இழுத்தால் அடிக்க மணி கட்டியது ஒன்று.
பக்கெட், மேலே குஷன் வைத்த மூடி. ஆறு வருடமாக இதுதான் அவர் ஆசனம். குஷனைப் பிரித்தால் ஸ்பாஞ்ச் முழுக்கக் கறுப்புப் புள்ளி. குப்பையில் போட்டேன்.

சோபாவில் இருந்தவரிடம் கேட்டேன். "இந்த வருஷம் லேக்குக்குப் போலாமா?"

"பாக்கலாம்."

இட்லியா தோசையா என்றாலும் பாக்கலாம்தான். இதை மட்டும் 'சரி' என்று எடுத்துக்கொண்டேன். எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டுமே.

ஜன. 6, செவ்வாய்

தூறல். தெரபிஸ்ட் வந்து போனார். அவர் சொன்னது: உட்காரும் உயரம் பத்தொன்பது இன்ச்சுக்குக் குறைந்தால் இவரால் எழுந்திருக்க முடியாது. முதுகுக்குச் சாய்மானம் வேண்டும். வலது கை ஊன்ற ஒரு பிடி வேண்டும். பக்கெட் என்ற பேச்சே கூடாது.

இன்ச் டேப்போடு வீட்டைச் சுற்றினேன். சோபா 16. சாப்பாட்டு மேஜை நாற்காலி 18. பாத்ரூமில் கமோட் மேல் வைத்த உயர்த்தி 19. மூணு பெட்ரூம் வீட்டில் இவருக்குச் சரியான இருக்கை அது ஒன்றுதான். சிரித்தேன், தனியாக.

பேச்சு போகவில்லை இவருக்கு. டாக்டர் அதைத்தான் அதிர்ஷ்டம் என்றார். இவர்தான் பேச மாட்டேன் என்கிறார். பதினோரு மாதமாகச் சுவரோடு குடும்பம் நடத்துகிறேன்.

ஜன. 7, புதன்

தேவாவுக்குப் போன். இவரோடு மீனுக்குப் போகிறவர், யாழ்ப்பாணத்துக்காரர்; நாற்காலியைக் கதிரை என்பார். இவர் உட்கார்ந்து குளிக்கும் சேரைக் கால் உயர்த்திக் கொண்டுபோகலாமா என்று கேட்டேன்.

"அக்கா, அது வழுக்கும். மடக்குக் கதிரையும் வேண்டாம். கால் மெல்லிசு, ஐஸுக்குள்ள இறங்கிடும். ஹீட்டர் போட்டா இன்னும் மோசம். அண்ணை ஒரு பக்கமாச் சரிஞ்சு போவார்."

"அப்ப என்னதான் வாங்கறது?"

"மீன்பிடி போட்டுகள்ல பூட்டுற சுத்துற கதிரை இருக்கு. அதை ஒரு பலகையில பூட்டுங்கோ. டென்டுக்குள்ள அண்ணை நடக்க இடமில்லை. வாசலைப் பாத்து இருந்திட்டு, அப்பிடியே ஓட்டைப் பக்கம் திரும்ப வேணும்."

ஆர்டர் பண்ணினேன். பலகைக்கு அடியில் ஒட்ட ரப்பர் பாயும்.

ஜன. 10, சனி

சேர் வந்தது. நானே பூட்டினேன், நாலு போல்ட், ஒன்று கோணல். உயரம் 18½. பலகையோடு 19¼. மருந்து கம்பெனி ஆபீசில் இப்படி ஓர் அளவு வந்தால் திரும்பவும் எடு என்பேன். இங்கே சாமி கும்பிட்டேன்.

ஹாலில் ஒத்திகை. உட்கார வைத்தேன். வலது காலால் தரையை உந்தினார். சேர் திரும்பியது. கிறீச். இன்னொரு தடவை உந்தினார், முழுச் சுற்று. தானாக, யாரும் பிடிக்காமல்.

"சத்தம் போடுது. மீன் ஓடிடும்."

நாலு வார்த்தை. எண்ணினேன். பாத்ரூமில் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

ஜன. 14, புதன்

பொங்கல். குக்கரில் பொங்கி, குக்கரிலேயே படைத்தாயிற்று. அவர் இரண்டு ஸ்பூன்.

செய்தது: டென்ட் துணியை வினிகர் தண்ணீரில் துடைத்தாயிற்று. ஜிப்பில் மெழுகு தேய்த்தாயிற்று. சேரின் கிறீச்சுக்கு, தேங்காய் எண்ணெய் பாட்டிலை வெந்நீரில் வைத்து உருக்கி, சுழலும் இடத்தில் அரை மூடி ஊற்றினேன். சத்தம் நின்றுவிட்டது. அம்மா வீட்டில் கதவு, தையல் மிஷின், தலை எல்லாவற்றுக்கும் இதுதான்.

ஆஸ்டினிலிருந்து நித்யா போன். "அம்மா, ஹீ கேன்ட் ஈவன் வாக். ஆர் யூ சீரியஸ்?" பெற்ற பெண். தப்பாகவும் சொல்லவில்லை.

ஜன. 20, செவ்வாய்

கடுங்குளிர். நான்கு நாளாக இப்படியே. தேவா ஏரிக்குப் போய் அளந்திருக்கிறார். ஆறு இன்ச் ஐஸ். "சனிக்கிழமை அண்ணையைக் கூட்டிக்கொண்டு வாங்கோ." மூன்று வருடத்தில் நல்ல ஐஸ் இதுதானாம்.

இவரிடம் சொன்னேன். பாக்கலாம்.

ஜன. 24, சனி

எழுதாமல் இருக்கப் பார்த்தேன். முடியவில்லை.

11 டிகிரி. ஒன்றரை மணி நேரம் வடக்கே டிரைவ், சேர் டிரங்கில். தேவா இவரைச் சறுக்குப் பலகையில் உட்கார வைத்து, கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனார். கம்பளி, குல்லாய், முகத்தில் மூக்கு மட்டும். ஐந்து நிமிடம் எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. சொன்னபடி டென்டுக்குள் வாசலைப் பார்த்து உட்கார்ந்தார். ஓட்டையும் தூண்டிலும் முதுகுப் பக்கம்.

"இப்ப திரும்புங்க" என்றேன்.

காலால் உந்தினார். திரும்பவில்லை. மறுபடி. தேவா சேர் முதுகைப் பிடித்துத் தள்ளினார், பலகையே நகர்ந்தது. நானும் தள்ளினேன். இவர் உந்தி உந்தி மூச்சு வாங்கினார். கண்ணாடியில் ஆவி.

"கதிரை இறுகிட்டுது போல, அண்ணை."

"கதிரை இல்ல தேவா. நான்தான். ஒடம்பு திரும்ப மாட்டேங்குது. விடுங்க."

எழுப்பித் திருப்பி உட்கார வைக்கலாம் என்றோம். வேண்டாம் என்று கையைக் காட்டினார். முக்கால் மணி நேரம் அப்படியே, ஜிப் போட்ட துணியைப் பார்த்தபடி. முதுகுக்குப் பின்னால் மணி அடித்தது. தேவா எடுத்தார். நல்ல மீன். கொண்டுவந்து காட்டினார். இவர் பார்த்தார், தலையாட்டினார், அவ்வளவுதான்.

கார் பக்கத்தில் சேரைக் கவிழ்த்து வைக்கும்போதுதான் பார்த்தேன். சுழலும் இடத்தில் வெள்ளையாக, மெழுகுவர்த்தி மாதிரி கட்டி. தேவா டென்டைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அவர் திரும்புவதற்குள் நகத்தால் சுரண்டிக் கோட்டில் துடைத்துக்கொண்டேன்.

வழியெல்லாம் வாயைத் திறக்கவில்லை. இவர் இல்லை. நான்.

ஜன. 25, ஞாயிறு

பனி கொட்டுகிறது. வெளியே போக வழியில்லை.

எந்த மருந்து எந்தக் குளிரில் கட்டியாகிறது என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவதுதான் என் வேலை. பதினாறு வருடமாக. குளியலறையில் எண்ணெய் பாட்டில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை கல்லு. அதை உருக்கித்தானே ஊற்றினேன். உருக்கும்போது கூடத் தோன்றவில்லையே. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கு.

இவர் தன் உடம்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். சொல்ல வேண்டும். சொன்னால் என்ன, அடிக்கவா போகிறார்? முப்பது வருடத்தில் ஒரு வார்த்தை கடுமையாகப் பேசாத மனிதர். அதனால்தான் சொல்ல வரவில்லை.

மதியம் சேரைக் கழற்றி, சோப்புத் தண்ணீரில் கழுவி, குளிருக்கென்றே விற்கும் கிரீஸ் போட்டேன். பால்கனியில் இரண்டு மணி நேரம் வைத்துச் சுற்றினேன். சுண்டுவிரலால் தொட்டால் சுற்றுகிறது.

ஜன. 28, புதன்

"தெரபிஸ்ட்டை இனிமே வர வேணாம்னு சொல்லிடு."

"ஏங்க?"

"பதினோரு மாசமாச் செஞ்சு என்ன ஆச்சு? ஒரு சேர்ல திரும்ப முடியல."

இப்போதாவது சொல்லியிருக்கலாம். ரசத்துக்குப் புளி கரைத்தேன்.

தெரபி நின்றால் கையும் காலும் இறுகிவிடும், பிறகு திரும்ப வராது என்று டாக்டர் எச்சரித்திருந்தார். இரண்டே மாதத்தில் என்றார். ஆபீசில் இன்று மூன்று ரிப்போர்ட்டில் தேதி தப்பு.

ஜன. 31, சனி

காலை 9. குளித்துவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எதிரே தரையில் உட்கார்ந்து சொல்லிவிட்டேன்.

"சேர்ல தேங்காய் எண்ணெய் ஊத்தினது நான்தாங்க. குளிர்ல கட்டியாயிடுச்சு. அதான் திரும்பல. உங்க உடம்பு இல்ல. இப்ப சரி பண்ணிட்டேன்."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"நீ ஊத்தும்போதே தெரியும், கட்டியாகும்னு. சோபாலதானே இருந்தேன்."

"அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொன்னா தொடச்சிட்டு வேற போட்டிருப்ப. ஒடம்பு முடியலன்னா விட்டுடுவீங்கன்னு பாத்தேன்." ஜன்னல் பக்கம் பார்த்தார். "எனக்கு லேக்குக்குப் போக வேணாம். தெரபியும் வேணாம். ஒண்ணும் வேணாம்னு இருக்கு. ரொம்ப நாளா."

"அப்புறம் ஏன் கிளம்பி வந்தீங்க?"

"இன்ச் டேப்பை வச்சுக்கிட்டு வீடெல்லாம் அளந்துட்டு இருந்தே. பாக்கப் பாவமா இருந்துது. அதான் வந்தேன்."

இந்த ஒரு வருடத்தில் அவர் இவ்வளவு பேசியதில்லை.

சாக்ஸ் போட்டுவிட்டேன். இடது காலுக்கு முதலில்.