ஜூஸ் பாட்டிலில் ஃபினாயில்

அன்புள்ள அம்மாவுக்கு,

நடந்ததை ஒன்றுவிடாமல், உண்மையாக எழுதுகிறேன். நான் நலம். உன் முதுகுவலி தேவலையா?

இன்று எங்கள் கல்லூரியின் கோடைச் சேவை முகாமில், கிராமத்துப் பெண்களுக்கு வீட்டுப் பாதுகாப்பு பற்றிப் பேசினேன். யாரும் கவனிக்கவில்லை. உடனே, "எங்கம்மா ஃபினாயிலை ஜூஸ் பாட்டில்ல ஊத்தி வைப்பாங்க. அப்பா ஒருநாள் குடிக்கவே போயிட்டாரு!" என்று சொல்லி, நீ பதறி ஓடியதை நடித்தும் காட்டினேன். கூடமே அதிரும்படி சிரித்தார்கள். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

முன்வரிசைத் தையல்கார அக்கா மட்டும், "ஏம்மா, உங்கம்மா இங்க உக்காந்திருந்தா இப்படி நடிப்பியா?" என்று கேட்டார்.

நடித்திருக்க மாட்டேன். நீ அன்று பயந்து அழுததை மட்டும் நான் அங்கே சொல்லவில்லை. கைதட்டலுக்காக உன்னைக் கேலிப்பொருளாக்கிவிட்டேன். வெட்கமாக இருக்கிறது.

உன் பழைய சேலை ஒன்றை அனுப்பு, இங்கே இரவுக் குளிருக்குப் போர்வை போதவில்லை. திட்டுவதற்காகவாவது ஞாயிறன்று போன் செய். விளக்கை அணைக்கப் போகிறார்கள், முடிக்கிறேன்.