சூடு நிற்கும் இடம்

அன்புள்ள சியோரி,

வாந்தி நின்றதா? வயிற்றில் இருப்பவர் உதைக்கிறாரா? நான் நலம்.

சப்போரோ கடைத்தெருவில் நடைபாதைக்கு அடியில் பதித்த குழாய்களில் சூடு ஓடுவதால் பனி தங்காது. சாலையைக் கடக்கும் இடத்தில் சூடு நின்றுவிடும். அங்கே தரை கண்ணாடிபோல் உறைந்திருக்கும். போன வாரம் லேசாக வழுக்கினேன், அவ்வளவுதான். மீன்கடை அம்மா சிரித்தார்: "தெற்குத் தீவு ஆளா தம்பி? ஓரத்துல மணல் பெட்டி எதுக்கு வச்சிருக்கு, அழகுக்கா? எடுத்துத் தூவிட்டு நடக்கணும்."

உன் பாதத்தைக் காகிதத்தில் வரைந்து அனுப்பு. ஆணி வைத்த காலணி வாங்க வேண்டும். வீங்கியிருந்தால் வீங்கியபடியே வரை. நம் தீவின் கறுப்பு வெல்லமும் கொஞ்சம் அனுப்பு.

வேலைக்கு நேரமாகிவிட்டது. நீ வருவது அடுத்த மாதம்தான். தூவும் மணலை அன்றிரவே பனி மூடிவிடும். தெரிந்தும் தினமும் அந்தக் கடக்கும் இடத்தில் தூவிவிட்டுத்தான் போகிறேன்.

உன்
மொரியாசு