கமராவுக்கு ஒரு மூடி

தர்மபுரம்,
14.07.2024

அன்புள்ள மகள் சுதாஜினிக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். நீயும் மருமகனும் பிள்ளைகளும் பாரிசில் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டுமென்று காலையில் சாமிப்படத்துக்கு முன்னால் நிற்கும்போது நினைத்துக்கொள்கிறேன். கிழமைக்கு இரண்டு தடவை போனில் கதைக்கிற அப்பா இப்போது எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று யோசிப்பாய். போனில் உன் குரல் கொஞ்சம் மாறினாலே நான் வேறு கதைக்குத் தாவிவிடுவேன். தாளில் எழுதிவிட்டால் அப்படித் தப்ப முடியாது. சித்தப்பாவின் மகள் தாட்சாயினி வருகிற சனிக்கிழமை அங்கே திரும்புகிறாள். கமராவையும் இதையும் அவளிடமே கொடுத்துவிடுகிறேன்.

ஊரில் சிறுபோக நெல் பரவாயில்லை. கதிர் பால் பிடித்துவிட்டது. மயில்கள்தான் தொல்லை, விரட்டினால் வரம்புக்குப் போய் நின்று நம்மையே பார்க்கின்றன. கிளினிக்கில் பிரசர் குறைந்திருக்கிறது என்றார்கள். முழங்கால் வலி அப்படியேதான். அதைப்பற்றி நீ கவலைப்பட வேண்டாம்.

கமரா விஷயத்துக்கு வருகிறேன். மருமகன் பழைய கமராக்களைச் சேர்க்கத் தொடங்கியிருக்கிறார் என்றும் என்னுடையதையும் அனுப்பிவிடும்படியும் போன மாதம் கேட்டாய். “ஒரு மூடியெண்டாலும் தேடிப் பூட்டி விடுங்கோ அப்பா. வாற வழியில கண்ணாடி கீறுப்பட்டுப் போடும்” என்று சொன்னாய். சின்ன வேலைதானே என்று நினைத்துத்தான் சொல்லியிருப்பாய். நானும் ஓம் என்றேன்.

கிளிநொச்சியில் மூன்று கடை ஏறி இறங்கினேன். ஒரு கடையில் நின்ற பிள்ளை கமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஐயா, இதுக்குச் சார்ஜர் எங்க பூட்டுறது?” என்று கேட்டாள். இப்போதைய மூடிகள் எல்லாம் அகலமானவை, உட்புறமாகக் கவ்விக்கொள்பவை. நம்முடையதற்கு வெளி விளிம்பில் தொப்பி மாதிரிச் செருகுகிற மூடி வேண்டும். வவுனியாவுக்கும் போனேன். அங்கே ஸ்ரூடியோ வைத்திருப்பவர் கமராவைக் கையில் எடுத்துப் பார்த்துச் சந்தோசப்பட்டார். பிறகு சொன்னார்: “கொழும்பிலயும் கிடையாது ஐயா. உங்கட பக்கத்தில முந்திப் படக்கடை வச்சிருந்த சங்கிலியண்ணை இப்ப கண்டாவளையில இருக்கிறார். அவரிட்டை ஒரு பேணி நிறையப் பழைய சாமான் கிடக்கு. போய்க் கேளுங்கோ.”

அந்தப் பெயரைக் கேட்டதும் பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன். கமராவைத் துணியில் சுற்றிக் கட்டினேன். மூடி எங்கேயும் கிடைக்கவில்லை என்று உனக்குச் சொல்லப் போனை எடுத்தேன். எடுத்தபோதுதான், இன்னொரு பொய்யைத் தொடங்கப் போகிறேன் என்று விளங்கியது. போனை வைத்துவிட்டுச் சைக்கிளை எடுத்தேன்.

முதலாவது பொய்யை நீ அறிவாய், உண்மை என்று நினைத்து. 2003 ஆவணியில் நீ வந்து நின்ற மூன்று கிழமையும் இங்கே படச்சுருள் கிடைக்கவில்லை. நீ வெளிக்கிடுவதற்கு முதல்நாள்தான் லொறிக்காரர் ஒருவர் வவுனியாவிலிருந்து ஒன்று கொண்டுவந்து தந்தார். விடிந்ததும் அதைக் கமராவில் பூட்டினேன். உன்னை ஏற்றிப்போகிற வான் வரும்வரை உன்னையும் அம்மாவையும் குசினியில், கிணற்றடியில், வாசல் படலையில் என்று வைத்து முப்பத்தாறு படமும் எடுத்து முடித்தேன். அந்தச் சுருளைச் சங்கிலி கழுவும்போது பழுதாக்கிவிட்டார் என்று உனக்கு எழுதினேன். இருபத்தொரு வருடமாக நீ அதைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறாய்.

சங்கிலி எதையும் பழுதாக்கவில்லை. வான் போன பிறகு கமராவை உறைக்குள் வைப்பதற்காக மூடியைத் தேடிச் சட்டைப் பையைத் தடவினேன். பையில் இல்லை. மூடி கண்ணாடியில் இருந்தது. காலையிலிருந்து அங்கேதான் இருந்திருக்கிறது. அந்தக் கமராவில் நாம் பார்க்கிற துளை வேறு, படம் விழுகிற கண்ணாடி வேறு. மூடி போட்டிருந்தாலும் பார்க்கிறவனுக்கு எல்லாம் பளிச்சென்று தெரியும். முன்னால் நின்ற உங்களுக்கும் தெரிந்திருக்காது. கறுப்புக் கமராவில் கறுப்பு மூடி.

அம்மா படலையில் நின்று வான் போன பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி, “படம் எப்ப வரும்?” என்று கேட்டார். அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் ஒரு நாளோ இரண்டு நாளோ அழுதிருப்பார், என்னைத் திட்டியிருப்பார். நான் “வாற கிழமை” என்றேன். பின்னேரம் மூடியை வாய்க்காலில் எறிந்தேன். ஒன்றுமில்லை என்று தெரிந்துகொண்டே சுருளைச் சங்கிலியிடம் கொடுத்தேன். அது வெறுமையாக வந்ததும், அவன் கெடுத்துப்போட்டான் என்று வீட்டில் சொன்னேன். பிறகு சங்கக்கடையில் நிவாரணச் சாமான் வாங்க வந்தவர்களிடமும் சொன்னேன். சங்கக்கடை மனேச்சராக இருந்த நான் சொன்னால் ஊர் நம்பும். மலைநாட்டிலிருந்து வந்து குடியேறிய ஒருவர் மறுத்துச் சொன்னால் நம்பாது. அதுவும் எனக்குத் தெரிந்தே இருந்தது. கலியாணச் சுருள்களை எல்லோரும் கிளிநொச்சிக்குக் கொண்டுபோகத் தொடங்கினார்கள். அடுத்த வருடம் அவர் கடையைப் பூட்டினார்.

பழைய அல்பங்கள் எல்லாம் முள்ளிவாய்க்காலில் போயின. கமரா மட்டும் திருத்தக் கொடுத்து வவுனியாவில் கிடந்ததால் தப்பியது. முகாமில் தறப்பாள் கூடாரத்துக்குள் அம்மா காய்ச்சலில் கிடந்தபோது ஒருநாள், “பிள்ளையோட நிண்ட அந்தப் படம் ஒண்டாவது வந்திருந்தால் இப்ப பார்த்துக்கொண்டு கிடப்பன்” என்றார். அப்போதும் நான் சொல்லவில்லை. ஈரத்துணியை நனைத்துக்கொண்டு வருவதாகச் சொல்லி எழும்பி வெளியே போனேன். அதற்குப் பிறகு அவருக்கு ஒன்பது நாள்தான் இருந்தது.

நீ 2017இல் வந்தபோது புளியம்பொக்கணைக் கோயில் பொங்கலில் சங்கிலியைக் கண்டாய். அவர் உன்னை அடையாளம் கண்டு சிரித்தார். “என்ரை அம்மாவின்ரை கடைசிப் படத்தைக் கெடுத்துப்போட்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிறியளோ?” என்று நீ கேட்டாய். அவருடைய மனைவி சுப்பம்மா பக்கத்தில் நின்றார். சங்கிலி மனைவியைக் கூட்டிக்கொண்டு போனார். நான் தேங்காய்ப் பையோடு உனக்கு ஒரு முழத் தூரத்தில் நின்றேன். நீ சொன்னதில் உன் பிழை ஒன்றுமில்லை. உன் வாயில் அதை வைத்தவன் நான்.

கண்டாவளையில் சங்கிலி முற்றத்தில் குந்தியிருந்து தண்ணீர்ப் பம்ப் ஒன்றைத் திருத்திக்கொண்டிருந்தார். “வாங்க மனேச்சர் ஐயா” என்று கதிரையை இழுத்துப் போட்டார். மூடி தேடி வந்தேன் என்றதும் உள்ளே போய்ப் பிஸ்கட் பேணி ஒன்றைக் கொண்டுவந்து சாக்கு விரித்துக் கொட்டினார். ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்தார். ஒரு அலுமினிய மூடி கொஞ்சம் தளர்வாக நின்றது. அதன் உட்புறம் ஒட்டுவதற்கு வெல்வெற் துணியில் மெல்லிய கீற்று வெட்டினார். வேலையைப் பார்த்துக்கொண்டே, “கண்ணாடி நல்லாயிருக்குங்க. பழைய மூடி எங்க போச்சு?” என்று கேட்டார்.

அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்கு அதற்குமேல் மறைக்க முடியவில்லை. வாய்க்காலில் எறிந்தேன் என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கீற்றுக்குப் பசை பூசுவதை நிறுத்தவில்லை.

“தெரியுங்க” என்றார். “நான் கழுவினதில பிழைன்னா, சுருள் ஓரத்தில கம்பெனி போடுற எண்ணும் விழுந்திருக்காது. எண் முப்பத்தாறும் நல்லா விழுந்திருந்திச்சு. படம்தான் இல்ல. வெளிச்சமே உள்ள போகலன்னு அன்னிக்கே தெரியும்.”

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“யார்கிட்டங்க சொல்றது? நிவாரண அட்டை உங்க சங்கத்தில. வீட்டில அஞ்சு பேரு. ரெண்டு பேர்கிட்ட சொல்லிப் பார்த்தேன், சிரிச்சாங்க. ஒருநாள் உங்க வீட்டு அம்மாவே கடைக்கு வந்து, ஒரு படமாவது வருமான்னு கேட்டாங்க. சொல்லத்தான் நினைச்சேன். உங்க வீட்டுக்குள்ள சண்டை வந்தா அதுவும் என் தலையிலதான் விழும்னு விட்டுட்டேன்.”

அம்மா அவரிடம் போய்க் கேட்டது எனக்கு அன்றுதான் தெரியும். என்னை மன்னிக்க வேண்டும் என்றேன். அவர் மூடியைக் கமராவில் செருகிக் குலுக்கிப் பார்த்தார். அது விழவில்லை.

“கடை போனது போனதுதான் ஐயா. ஆனா கோயில்ல உங்க மக என் சம்சாரம் முன்னால கேட்டிச்சு. அன்னிக்கி வீட்டுக்கு வந்து, அது மெய்தானான்னு இவளே என்கிட்ட கேட்டா. நான் இல்லேன்னேன். இன்னிக்கி வரைக்கும் இவ நம்பினாளா இல்லையான்னு எனக்குத் தெரியாது.”

சுப்பம்மா தேத்தண்ணியோடு கதவடியில் நின்றார். எல்லாம் கேட்டிருந்தார். நான் எழும்பி நின்று, பிழை முழுக்க என்னுடையது, உங்கள் கணவர் கை சுத்தம் என்றேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. “உங்க மகளுக்குத் தெரியுமா?” என்று கேட்டார். இல்லை என்றேன். “அப்ப தெரியப்படுத்துங்க” என்று சொல்லித் தேத்தண்ணியைக் கதிரையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். சங்கிலி கமராவைத் துடைத்து என் கையில் தந்தார். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் மறுபடி கேட்கவில்லை.

மகள், அந்தப் படங்களை இனி யாராலும் எடுத்துத் தர முடியாது. ஆனால் அன்று காலை அந்தத் துளைக்குள்ளால் பார்த்தவன் நான் ஒருவன். முப்பத்தாறும் நினைவில்லை. நினைவில் இருப்பதை எழுதுகிறேன். கிணற்றடியில் அம்மா உன் தலையைத் துவட்டினார். நோகுது என்று நீ தோளை ஒடுக்கிக்கொண்டாய். குசினியில் நீ பலகையில் குந்தியிருந்து புட்டுச் சாப்பிட்டாய். அம்மா உன் சாப்பாட்டுக் கோப்பையைப் பார்க்கவில்லை, உன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். உன் பெட்டியைப் பூட்ட முடியாமல் அம்மா அதன்மேல் ஏறி இருந்தார், நீ கீழே இருந்து சிரித்தாய். படலையில் எடுத்தது கடைசி. அம்மா சேலைத் தலைப்பைச் சரிசெய்துவிட்டு, நிமிர்ந்து நேராக என்னைப் பார்த்தார். உன் கையை இறுக்கிப் பிடித்திருந்தார். உன் விரல்கள் வெளுத்திருந்தன. இவ்வளவுதான் என்னிடம் இருக்கிறது.

இதை வாசித்துவிட்டு எனக்கு உடனே போன் எடுக்க வேண்டாம். சங்கிலி வீட்டு நம்பரைத் தாட்சாயினியிடம் கொடுத்திருக்கிறேன். முதலில் அங்கே எடு. சுப்பம்மா எடுத்தால் அவவுடனேயே கதை. என்ன கதைப்பது என்று உனக்குத் தெரியும், நான் சொல்லித்தரும் தகுதியில் இல்லை. எனக்கு எடுப்பதும் எடுக்காததும் அதற்குப் பிறகு உன் மனம் போல. எத்தனை நாளானாலும் குறை சொல்ல மாட்டேன்.

பிள்ளைகளுக்குத் தலைக்கு எண்ணெய் வைத்துவிடு. குளிர் நாளில் நீயும் கவனமாக இரு. மருமகனுக்கு என் அன்பைச் சொல். நீங்கள் எல்லோரும் நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும். காலை ஆறு மணிக்குப் பிறகு எப்போது எடுத்தாலும் நான் எழும்பித்தான் இருப்பேன், வயலுக்குப் போனாலும் போனைச் சட்டைப் பையில் வைத்திருப்பேன்.

என்றும் உன்,
அப்பா
சி. சிற்றம்பலம்